மூன்று சொட்டு மஞ்சள்நீர்

இந்த மாதம் மூன்று பெண்கள் செத்தார்கள். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் மூவருக்கும் குளிர்காய்ச்சல். ஐந்தாம் நாள் பாடை. மூன்று வீட்டுக்கும் போன வைத்தியன் ஒருவன்தான். சிற்றம்பலம்.

நாலாவது வீடு அவனுடையது. காலையில் அவன் மனைவி வடிவுக்கு இடுப்புவலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. உள்ளே கைவிட்டுத் திருப்ப வேண்டும், என்னால் ஆகாது என்று மருத்துவச்சி ஒதுங்கிக்கொண்டாள். சிற்றம்பலம் தன் கையைப் பார்த்தான். குருவிடம் ஓடினான்.

குரு மாசிலாமணி வைத்தியருக்கு எழுபத்தெட்டு வயது. கண் மங்கி, வைத்தியத்தை விட்டு ஆறு வருடம்.

“ஐயா, நீங்கள் வரவேண்டும். உங்கள் கைராசி எனக்கு இல்லை.”

“கஞ்சிக் கிண்ணத்தையே பிடிக்க முடியவில்லை. பிள்ளையைத் திருப்பவா? மூன்று பேர் செத்தார்களாமே.”

“செத்தார்கள்.”

“கை கழுவினாயா?”

“கழுவாமலா? நீங்கள் செய்தபடியேதான்.”

“செய்து காட்டு.”

சிற்றம்பலம் பையிலிருந்து சின்ன வெள்ளிச் செம்பை எடுத்தான். விரல்நுனிகளில் மூன்று சொட்டு மஞ்சள்நீர் விட்டுக்கொண்டான். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தான். அவ்வளவுதான்.

கிழவர் அவன் கையை இழுத்தார். நகத்துக்கடியில் ஈர்க்குச்சியை விட்டு நோண்டி, அதை அவன் மூக்கருகே நீட்டினார்.

“என்ன நாற்றம் இது?”

“நேற்று ஒருவனுக்குக் கட்டியைக் கீறினேன்.”

“அந்த மூன்று வீட்டுக்குப் போகும் முன்?”

“ஒரு கால் அழுகல். ஒரு முதுகுப் புண். இன்னொன்று நினைவில்லை.”

“மஞ்சள்நீர் எங்கிருந்து வந்தது? துணி வெளுக்கிற உவர்மண் போட்டுக் கொதிக்கிற நீரில் அல்லவா நான் கழுவினேன்?”

“அது தோலை உரிக்கிறது, ஐயா. உங்கள் சீடர்கள் நாங்கள்தான் மாற்றிக்கொண்டோம்.”

“மந்திரம்?”

“கழுவும்போது உங்கள் உதடு அசையுமே. அதைப் பார்த்து நாங்களாக ஒன்று...”

“எண்ணிக்கொண்டிருந்தேன், மடையா. நூறு வரை.”

“ஏன் கழுவுகிறீர்கள் என்று நீங்கள் சொன்னதேயில்லையே.”

அது உண்மை. கிழவர் ஈர்க்குச்சியைக் கீழே போட்டார்.

“முப்பது வருடத்துக்கு முன் பதினேழு பேர். எல்லாம் இந்தக் கைதான். அப்போது நான் கழுவவே மாட்டேன். கழுவினால் கைராசி போய்விடும் என்று ஊர் சொன்னது. நானும் நம்பினேன். பிரசவத் துணி வெளுப்பவள் ஒருத்தி இருந்தாள். எல்லா வீட்டுத் துணியும் அவளிடம்தான் போகும். ஒருநாள் என்னைத் தெருவில் மறித்தாள். ‘சாமி, மருத்துவச்சி போன வீட்டுத் துணி ரத்தமா வருது. நீங்க போன வீட்டுத் துணி சீழா வருது. துணிய நான் வெள்ளாவியில வேகவெச்சிருவேன். உங்க கைய யாரு வேகவைக்கிறது?’ தெருவே சிரித்தது.”

“நீங்கள்?”

“ஆற்றுக்கு அக்கரையில் போய்க் கிடக்கட்டும் என்றேன். விரட்டிவிட்டார்கள். பதினெட்டாவது என் மகள்.”

சிற்றம்பலம் தலை குனிந்தான்.

“காரியம் முடிந்து அக்கரைக்குப் போனேன். கையை நீட்டினேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, உவர்மண் போட்டுத் தேய்த்தாள். நூறு எண்ணச் சொன்னாள். அதற்குப் பிறகு என் கையில் ஒருத்தியும் சாகவில்லை. ஊர் என்ன சொல்லிற்று?”

“உங்கள் கைராசி திரும்பிவிட்டது என்று.”

“பட்டுச் சால்வை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன். ஏன் கழுவுகிறேன் என்று உங்களுக்குச் சொன்னால் அவளைச் சொல்லவேண்டி வரும். சொல்லவில்லை. உன் மூன்று பேரையும் கொன்றது நான்.”

சிற்றம்பலம் எழுந்தான். “தண்ணீர் காய்ச்சச் சொல்லுங்கள். இங்கேயே கழுவிக்கொண்டு போகிறேன்.”

“வேண்டாம். நான் சொன்னால் மறுபடியும் சடங்காகிவிடும். அவள் ஊற்றினால்தான் சுடும். அக்கரையில் புகை தெரிகிறதா?”

“தெரிகிறது.”

“அவள் அடுப்புதான். ஆற்றில் முழங்கால் தண்ணீர். ஓடு. அரை நாழிகை ஆகாது.”

“ஊற்ற மாட்டேன் என்றால்?”

“என்றால் அது நியாயம்தான். நின்று கேள்.”

வாசல்வரை போனவன் திரும்பினான். “ஐயா, என்னவென்று கூப்பிடுவது?”

“நான் ‘ஏய்’ என்றுதான் கூப்பிட்டேன். நீ பேர் சொல்லிக் கூப்பிடு. சடைச்சியம்மா.”