ஷைனிக்குத் தாளம் சொன்ன கை

நடந்ததைச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஷைனி என்றொரு பெண் படித்தாள். பிறவியிலேயே காது கேட்காதவள். ஆனால் அந்தக் கல்லூரியின் சியர்லீடிங் அணியில் தோழிகளின் கைகள்மேல் ஏறி நிற்பவள் அவள்தான். இசைக்கு ஏற்ப ஆடுவது, கரணம் அடிப்பது, ஒருத்தியை உயரத் தூக்கி வீசிப் பிடிப்பது எல்லாம் சேர்ந்த போட்டி அது. இசை கேட்காமல் எப்படி ஆடினாள்? மேலே நிற்கும்போது, தாங்குகிற தோழிகள் அவள் கணுக்காலை அழுத்தித் தாளம் சொல்வார்கள். ஓரிடத்தில்தான் சிக்கல். அவள் தனியாக முன்னால் ஓடிவந்து கரணம் அடித்து, அப்படியே தோழிகளின் கைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அப்போது அவளைத் தொட யாருமில்லை. ஒரு தாளம் பிந்தினாலும் ஏந்தும் கைகள் அங்கே இருக்காது. ஆகவே பயிற்சியாளர் பிரிசில்லா எதிரே நின்று, ஒன்று முதல் எட்டு வரை கையசைத்துக் காட்டுவார்.

மாநிலப் போட்டியில் அதற்கு இடமில்லை. ஆடும் அணியின் பயிற்சியாளரோ, அந்த அணியைச் சேர்ந்த வேறு எவரோ வெளியே நின்று சைகை காட்டினால் மதிப்பெண் குறையும். இதுதான் விதி.

பிரிசில்லா முறைப்படியே போனார். எந்த அணியும் விதித் திருத்தம் ஒன்றை முன்மொழியலாம். விதிக்குழு அதை அலசிப் பார்க்கும். பிறகு குழுவினரும் எல்லாப் பயிற்சியாளர்களும் கூடி வாக்களிப்பார்கள். காது கேளாதவர்களுக்கு ஒருவர் சைகை காட்டலாம் என்று பிரிசில்லா முன்மொழிந்தார். கூட்டத்தில் அத்தனை கைகளும் உயர்ந்தன. ஆனால் நிறைவேறிய திருத்தம் அடுத்த பருவத்தில்தான் அமலுக்கு வரும். ஷைனிக்கோ அது கல்லூரியில் கடைசி வருடம்.

விதிக்குழுத் தலைவர் துரைக்கண்ணுவிடம் பிரிசில்லா தனியாகப் போய்க் கேட்டார். "எல்லாரும் சம்மதிச்ச விஷயம்தானே சார். இந்த ஒரு தடவை மட்டும் முன்னாடியே கொண்டு வரக் கூடாதா?"

முன்பொரு முறை பருவத்தின் நடுவே ஒரு விதியை மாற்றி, அதற்காக அவசரமாக ஆட்டத்தைத் திருத்திய ஒரு பெண் கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதைப் பார்த்தவர் துரைக்கண்ணு.

"முதல்ல தூக்கின கை என்னோடதுதான் டீச்சர். அந்தப் பொண்ணு ஆடுறத ரசிச்சுப் பார்க்கிறவன் நான். ஆனா இன்னிக்கு நல்லதுக்காகத் தேதிய நகர்த்தினா, நாளைக்கு வேற யாராவது வேற எதுக்காவது நகர்த்தச் சொல்லுவாங்க. முடியாது."

போட்டி திருச்சியில் நடந்தது. களம் இறங்கும் முன் பிரிசில்லா ஷைனியின் தோளைப் பற்றி, உதடு தெளிவாக அசையும்படி சொன்னார்: "சந்தேகம் வந்தா கரணம் அடிக்காண்டாம். நடந்தே போ மக்களே. மார்க் போனா போட்டும்." பிறகு பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டார். கை தானாக எழுந்துவிடுமோ என்று அவருக்கே பயம்.

அதற்குள் கோவை அணி ஆடி முடித்து முன்னிலையில் இருந்தது. அதன் தலைவி நஸீமா பார்வையாளர்களின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கோடைப் பயிற்சி முகாமில் ஷைனியோடு ஒரே அறையில் தங்கியவள். அவளுடைய சைகைகளையும், எட்டு வரை எண்ணும் அந்தக் கையசைவையும் கொஞ்சம் கற்றுக்கொண்டவள்.

இசை தொடங்கியது. ஷைனி முன்னால் ஓடிவந்தாள். ஒரு கணம் நின்றாள். எதிரே வெறும் விளக்குகள். அடுத்த அடி கரணமா, நடையா என்று அவளுக்கே தெரியவில்லை.

நஸீமா எழுந்தாள். கையைத் தலைக்குமேல் உயர்த்தி அசைக்கத் தொடங்கினாள்: ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஷைனி அந்தக் கையைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை அரங்கமே கண்டது. கரணம் சரியாக விழுந்தது. தோழிகளின் கைகள் அவளை ஏந்தி மேலே வீசின. இறங்கும்போது ஷைனி சிரித்துக்கொண்டிருந்தாள்.

நடுவர்கள் துரைக்கண்ணுவிடம் ஓடினார்கள். மதிப்பெண்ணைக் குறைப்பதா? விதியில் உள்ளது ஆடும் அணியைச் சேர்ந்தவர்களைப் பற்றி மட்டும்தான், நஸீமா அந்த அணி இல்லை என்றார் அவர். மதிப்பெண் குறையவில்லை. நாகர்கோவில் அணி மயிரிழையில் வென்றது. கோவைக்கு இரண்டாம் இடம்.

கோவைப் பயிற்சியாளர் கனகவேல் கொதித்துப்போனார். "ஏம்மா, ஒரு வருஷம் உசுரக் குடுத்துப் பழகினோம். கப்பை நீயே தூக்கி அவங்க கையில குடுத்துட்டியே!"

நஸீமாவின் கண்கள் கலங்கியிருந்தன. "ஜெயிக்கணும்னுதானுங்க சார் வந்தேன். அவளுக்குக் காது கேக்கலைங்கிறதால ஜெயிக்கணும்னு வரலைங்க."

நல்லதென்று தெரிந்தும் தேதியை நகர்த்த மறுத்தார் துரைக்கண்ணு. தன் மாணவி தவித்து நின்றபோதும் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தார் பிரிசில்லா. சொந்த அணியின் கோப்பை போகும் என்று தெரிந்தும் கையை உயர்த்தினாள் நஸீமா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: துரைக்கண்ணுவும் பிரிசில்லாவும் தவறவில்லை. விதியைக் காப்பதாக ஒப்புக்கொண்டவர்கள், மனம் வலித்தாலும் காத்தார்கள். ஆனால் சரியானதைச் செய்தவள் என்று ஒருவரைத்தான் சொல்ல வேண்டுமென்றால் நான் நஸீமாவைச் சொல்வேன். தன் அணிக்காக ஆட வேண்டியதை அவள் குறையில்லாமல் ஆடி முடித்திருந்தாள், எந்த விதியையும் மீறவில்லை, இழந்ததும் தன்னுடையதைத்தான். அந்தக் கோப்பையில் அவளுடைய தோழிகளுக்கும் பங்கு உண்டே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு அவர்களே பதில் சொன்னார்கள். பரிசளிப்பில் ஷைனியைத் தோளில் ஏற்றிக்கொண்டவர்கள் கோவைப் பெண்கள். அடுத்த பருவத்தில் வந்த முதல் முன்மொழிவு, சைகை காட்டுபவர் எந்த அணியைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம் என்று விதியிலேயே எழுத வேண்டும் என்பது. அதை முன்மொழிந்தவர் கனகவேல். அதுவும் ஒரு வருடம் காத்திருந்துதான் அமலுக்கு வந்தது.