கூட்டி வைத்த வேகம்

பிளாரன்ஸ் நடத்திய கணினிப் பழுதுக்கடையில் கடைசியாகச் சேர்ந்த சீடர் சுடலைமுத்து. வயதில் அவர்தான் எல்லோருக்கும் மூத்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் வாய் நிறைய 'டீச்சர்' என்பார். அவளும் 'அண்ணாச்சி' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவாள்.

பிழைப்புக்காக அவர் தொழில் பழக வரவில்லை. மகன் கார்த்தீசன் விட்டுப்போன கணினி ஒன்று வீட்டில் இருந்தது. கல்யாண வீடியோக்களை எடுத்து, வெட்டி ஒட்டிக் கொடுக்கிற பையன். மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது.

அவன் ராத்திரிக் குளிர்ச்சியில் வேலை பார்த்துவிட்டு அணைத்துவிடுவான். அப்பாவோ அவன் எடுத்த படங்களைப் பகல் முழுக்க ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். சித்திரை வெயில் ஏற ஏற, கணினி பாதியில் நின்றது. படம் அப்படியே உறைந்துவிடும். மின்சாரத்தைப் பிடுங்கிச் சொருகினால்தான் திரும்ப உயிர் வரும். வேறு கைகளில் அதைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால்தான் தானே படிக்க வந்தார்.

ஒரு மத்தியானம் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"தூசி தட்டிட்டேன் டீச்சர். ஃபேன் மாத்தியாச்சு. சூடு கடத்துற பேஸ்ட் மாத்தியாச்சு. பவர் சப்ளைகூடப் புதுசு. இன்னும் நிக்கி."

"வேகம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே கார்த்தீசன் கூட்டி வைத்திருந்தான்; வேகம் கூடினால் சூடும் கூடும். பாடம் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டும் காணாதது போல இருந்தார், பாவம்.

"அவன் வச்சது டீச்சர் அது. மத்ததை எல்லாம் நானே மாத்திட்டேன். உள்ள அவன் கைபட்டதுன்னு அது ஒண்ணுதான் மிச்சம்."

பிளாரன்ஸ் பெட்டியைத் திருப்பினாள். காற்று போகிற துளைகளின் மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்குக் கட்டைவிரலால் வைத்த பொட்டு.

"இதுவும் அவனா?"

சுடலைமுத்து சட்டென்று உள்ளங்கையால் அதை மறைத்தார். "இதுதான் காத்தை அடைக்கின்னு சொல்லிராதிய."

"நாலு ஓட்டையை அடைச்சா ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி. பொட்டு கிடக்கட்டும்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஒரு கல்யாண வீடியோவை ஓடவிட்டாள். பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் உலோகத்தைக் காட்டினாள்.

"ஓரத்துல விரலை வைங்க. எடுக்காதிய."

வைத்தார். திரையில் மணமேடை. கேமராவுக்குப் பின்னாலிருந்து கார்த்தீசனின் குரல் வந்தது. "மாப்பிள்ளை, கொஞ்சம் சிரிங்க. பொண்ணைப் பாத்துச் சிரிங்க."

உலோகம் வெதுவெதுப்பானது, பிறகு சுட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். கடைசியில் கையை உதறி எடுத்தார்.

"ஏன் எடுத்திய?"

"சுடுது டீச்சர்."

சற்றைக்கெல்லாம் மாப்பிள்ளையின் முகம் உறைந்தது. "சிரி" என்ற இடத்தில் கார்த்தீசனின் குரல் மாட்டிக்கொண்டு, ர்ர்ர் என்று விடாமல் இரைந்தது. அந்தச் சத்தத்தை அவர் வீட்டில் தனியாக எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போது கேட்க முடியவில்லை.

"நிறுத்துங்க டீச்சர்."

அவள் மின்சாரத்தைத் துண்டித்தாள். "அதுக்கும் சுடுது அண்ணாச்சி. இப்படியே ஓட்டுனா ஒருநாள் எந்திரிக்காது."

கொஞ்ச நேரம் ஆறவிட்டாள். பிறகு திரும்பப் போட்டு, வேகத்தை மாற்றுகிற திரைக்குக் கொண்டுவந்து, விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள். கம்பெனி வேகத்துக்குத் திரும்ப ஒரு விசையை அழுத்தினால் போதும். அவர் விரல் அதன் மேல் போய் நின்றது, இறங்கவில்லை.

"இதையும் எடுத்துட்டா, இதுக்குள்ள என்ன இருக்கு டீச்சர்?"

"இதை யாரு வாங்குனது?"

"நான்தான். அவன் பாஸான அன்னைக்கு. பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டாந்தேன்."

"அன்னைக்கு உங்க மடியில இருந்த வேகம் இருக்கும்," என்றாள் பிளாரன்ஸ்.