பத்தொன்பது குத்து

ஆறு கடலில் சேரும் இடத்தில் கலியமூர்த்திக்கு மூன்று மா நிலம் இருந்தது. ஒரு புயலில் கடல் உள்ளே புகுந்து மூன்று நாள் அங்கேயே நின்றது. வடிந்தபின் மண் வெளுத்துக் கிடந்தது. இரண்டு முறை நெல் விதைத்தார். இரண்டு முறையும் நுனி கருகிச் செத்தது. மூன்றாம் முறையும் விதைத்துவிட்டு, அதுவும் மஞ்சளித்துக் கருகத் தொடங்கியதும் நாச்சியாரம்மையைத் தேடிப் போனார்.

அம்மை அந்த ஊர் மடத்தில் இருந்தார். கலியமூர்த்தியைவிட இருபது வயது இளையவர்.

“அம்மா, இவ்வளவு உப்பை எப்படித் தாங்குவது?”

“எனக்குத் தெரியாது. தாங்கினவர்களைக் கேட்போம், வாருங்கள்.”

இருவரும் செத்த பயிருக்குள் காலையிலிருந்து நடந்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்தொன்பது குத்து நெல் பச்சையாக நின்றது. கதிரும் விட்டிருந்தது.

முற்றியதும் அறுத்து உதிர்த்தார்கள். இரண்டு கை நிறைய நெல்.

“மடத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர். அங்கே விதைத்துப் பெருக்கிவிடலாம்” என்றார் கலியமூர்த்தி.

அடுத்த பருவத்தில் அம்மை அந்த நெல்லோடு அவர் வயலுக்கே வந்தார். உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்த மூலையில் குனிந்து, விரலால் குழி போட்டு முதல் நெல்லை வைத்தார்.

அப்படி விதைத்ததில் பாதி செத்தது. வீட்டில் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. “இறால் பண்ணைக்காரர்கள் நிலத்தைக் கேட்கிறார்கள். கொடுத்துவிடுவோம்” என்றாள் மனைவி அஞ்சம்மாள். கலியமூர்த்தி மடத்துக்கு ஓடினார்.

“பாதி போய்விட்டது, அம்மா!”

“மீதி?”

“நிற்கிறது.”

“அதை அறுங்கள்.”

அறுத்தார். நின்றதை மட்டும் எடுத்து மறுபடி அதே மண்ணில் விதைத்தார். பண்ணை ஆட்கள் வரும்போதெல்லாம் வரப்பில் நின்றே திருப்பி அனுப்பினார். அந்த வருஷங்களில் கூலி வேலைக்குப் போய்த்தான் அஞ்சம்மாள் உலை வைத்தாள்.

ஐந்தாம் வருஷம் மூன்று மாவும் விளைந்தது. அஞ்சம்மாள் ஒரு கதிரைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

கடலுக்கு இன்னும் பக்கத்தில் நிலம் வைத்திருந்த தாவீது விதை கேட்டு வந்தார். கலியமூர்த்தி அம்மையிடம் போனார்.

“தாவீது நிலத்தில் என் நிலத்தைவிட உப்பு அதிகம், அம்மா. பாவம். நடுவயலில் மணி மணியாக விளைந்திருக்கிறது, அதையே விதைக்குக் கொடுக்கிறேன். வெள்ளை மூலையில் விளைந்தது குட்டை, பாதி பதர். அதை நாங்கள் பொங்கிக்கொள்கிறோம்.”

“நடுவயல் நெல்லைப் பொங்குங்கள்” என்றார் அம்மை. “மூலை நெல்லைத் தாவீதுக்குக் கொடுங்கள்.”