அரை பென்ஸ் குறைந்த நாள்

ஆதிரைக்கு முப்பத்தொரு வயது. அவளுடைய சீடர் மாசிலாமணிக்கு அறுபத்து மூன்று. லண்டனில் இருபத்தாறு வருடம் மாடிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இணையத்தில் போக்கர் ஆடக் கற்றுக்கொள்ள வந்த முதல் நாளே அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், மனிதர் விடவில்லை.

சனிக்கிழமைகளில் ஆதிரையின் வீட்டில் ஒரு சீட்டாட்ட மேசை கூடும். தேறியவர்கள் மட்டும் உட்காரலாம். அங்கே இடம் வேண்டுமென்றால் ஒரு சோதனை உண்டு. பத்து பவுண்டில் தொடங்கி, நூறு நாளில் அதை ஐம்பதாக்க வேண்டும். விதி ஒன்றே ஒன்றுதான்: கையிருப்பில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் எந்த ஆட்டத்துக்கும் கொண்டுபோகக் கூடாது.

அந்த இடத்துக்கு மாசிலாமணி ஆசைப்பட்டது கொஞ்சநஞ்சமல்ல. கிடைத்துவிட்டதாகவே மைத்துனரிடம் பெருமையடித்தும் வைத்திருந்தார்.

நூற்றோராம் நாள் காலை வந்து நின்றார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"தோத்துட்டேன், டீச்சர்."

"முதல்ல உட்காருங்க அங்கிள். சீட்டு வரலையா, ஆட்டம் சரியில்லையா?"

"முதல் மாசம் ஆட்டம் சரியில்ல. ராணி ஜோடி வந்தா, தோக்கும்னு தெரிஞ்சாலும் கீழ வைக்க மனசே வராது. அப்புறம் திருந்திட்டேன். திருந்தின பிறகு சீட்டு வரல."

ஆதிரை சிரித்துவிட்டாள். "எப்ப நிறுத்தினீங்க?"

"தொண்ணூத்தொண்ணாம் நாள். ஒரு பவுண்டு தொண்ணூறு பென்ஸ் இருந்துச்சு. அதுல இருபதுல ஒரு பங்கு ஒன்பதரை பென்ஸ். இருக்கறதுலயே சின்ன ஆட்டத்துக்குப் பத்து பென்ஸ் வேணும்."

"அரை பென்ஸ்தானே குறையுது?"

"ஆமா."

"ஆடியிருக்கலாமே. நான்கூட கேட்டிருக்க மாட்டேன்."

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது.

"பஸ்ல இருபது பேருக்கு மேல நிக்கக் கூடாதுன்னா கூடாது, டீச்சர். இருபத்தொண்ணாவது ஆள் மழையில நின்னு திட்டுவான். கதவைச் சாத்திட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

"நிறைய திட்டு வாங்கியிருப்பீங்களே?"

"அதுக்கெல்லாம் கணக்கு வச்சா வண்டி ஓட்ட முடியுமா?"

"சரி, மிச்சம் ஒன்பது நாள் என்ன செஞ்சீங்க?"

"மத்தவங்க ஆடுறதை வேடிக்கை பார்த்தேன். கை துறுதுறுன்னு வரும். அக்குள்ல வச்சுக்கிட்டேன்."

அவள் கையை நீட்டினாள். அவர் போனை எடுத்துக் கொடுத்தார். திரையில் ஒரு பவுண்டு தொண்ணூறு அப்படியே இருந்தது. ஆதிரை அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்த வெற்றிகள் எதிலும் அவள் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. அது தெரியாமல் மாசிலாமணி, அவளுக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டார்.

"என் இடம் போச்சுல்ல?"

"போச்சு. ஐம்பது ஆகலையே."

"இன்னொரு தடவை ஆடிப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம், அங்கிள்."

அவர் எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டார்.

"சனிக்கிழமை வாங்க," என்றாள் ஆதிரை. "சோதனைக்குப் புதுசா ஆறு பேர் வர்றாங்க. இனிமே அவங்களுக்கு விதியை நீங்கதான் சொல்லிக்கொடுக்கணும்."

"நானா? தோத்தவன் சொன்னா யார் கேப்பாங்க?"

ஆதிரை போனை இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இந்தச் சோதனையில தோத்துட்டு இதுக்கு முன்னாடி முப்பத்தெட்டு பேர் இங்க வந்து நின்னிருக்காங்க. அத்தனை பேருக்கும் விதியைச் சொல்லிக்கொடுத்தது நான்தான், அங்கிள். ஒருத்தர் கையிலயும் சல்லிக்காசு மிஞ்சல."