சகலையின் கார்

மில் முதலாளி வேலுமணியும் அவர் சகலையும் ஒரே மாதிரி டர்போ கார் வாங்கினார்கள். சகலை கார் சிட்டாய்ப் பறக்க, இவர் காரில் மட்டும் இன்ஜினுக்கு வேகம் கூட்டும் அந்த டர்போ இரண்டு தடவை பழுதாகிப் போய்விட்டது. முதலாளிக்கு வயிறு எரிந்தது.

“இன்னொருக்கா போச்சுன்னா உனக்கு வேலையில்ல” என்றார் டிரைவர் ராக்கியப்பனிடம்.

“வேகமா வந்ததும் உடனே அணைக்காதீங்க, டர்போ சூடு ஆறணும்” என்று அவன் எத்தனையோ தடவை சொன்னவன்தான். “பெட்ரோல் உங்கப்பன் ஊத்துறானா?” என்று பக்கத்து சீட்டிலிருந்து கையை நீட்டி வண்டியை அணைத்துவிடுவார் முதலாளி.

இப்போது அவன் தலையைச் சொறிந்தான். “உங்க சகலை வந்து நின்னதும் ஒரு நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டுத்தானுங்க இறங்குறாரு. தெருவே எட்டிப் பாக்குதுங்க.”

அன்றிலிருந்து முதலாளி இரண்டு நிமிஷம் ஓடவிட்டார். டர்போ பிழைத்தது.

ஒருநாள் சகலையே, “டர்போவை ஆறவிடறீங்களா, நல்ல பழக்கம்” என்று சொல்லிப் போனார். முதலாளி ராக்கியப்பன் பக்கம் திரும்பி முறைத்தார்.

“இதைத்தானேடா நீயும் சொன்னே?”

“நான் சொன்னப்ப அது பெட்ரோல் செலவுங்க. சகலை செஞ்சதும் கௌரவமாயிருச்சுங்க.”