பதினேழாவது ஜன்னல்

ஜெனோவாவிடம் சீடராக வந்து சேரும்போது தணிகாசலத்துக்கு அறுபத்தொரு வயது. குருவுக்கு முப்பத்தாறு. குரு சீடரை "சார்" என்பார்; சீடர் குருவை "மேடம்" என்பார். யார் யாரிடம் படிக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும்.

ஜெனோவா சுவர்களில் படம் வரைபவர். தனியாக வரைய மாட்டார். எந்தத் தெருவில் சுவர் கிடைக்கிறதோ அந்தத் தெரு ஜனங்கள் கையில் பிரஷ்ஷைக் கொடுத்துவிடுவார். பெயின்டை ஏதாவது ஓர் அறக்கட்டளை கொடுக்கும். தணிகாசலமோ முப்பத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் பாலங்களுக்கு வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். அவர் கோடு போட்டால் மயிரிழை கூட நகராது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருஷம் கிடைத்தது, ஊருக்கு வெளியே இருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவர். கால்வாய்க்கரைக் குடிசைகளை இடித்து, அந்த ஜனங்களை அங்கே கொண்டுபோய்க் குடிவைத்திருந்தார்கள். அறக்கட்டளைக்காரர்கள் மயில் என்றார்கள், தாமரைக்குளம் என்றார்கள். ஜனங்கள் ஒரே குரலில் பஸ் கேட்டார்கள். அங்கே ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் பஸ் வரும். சுவரிலாவது வந்து நிற்கட்டும் என்றார்கள்.

பஸ்ஸில் வீட்டுக்கு ஒரு ஜன்னல். அவரவர் ஜன்னலில் அவரவர் விரும்புகிற முகம். அறுபத்து நான்கு வீடு என்பதால் பஸ் கட்டடத்தின் மூன்று பக்கமும் சுற்றிப் போனது.

"இவ்வளவு நீள பஸ் திருப்பத்துல திரும்பாது மேடம்" என்றார் தணிகாசலம்.

"டிரைவர் பார்த்துக்குவாரு சார்."

பதினேழாவது ஜன்னல் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் கன்னியம்மாவுடையது. அவள் இறந்துபோன தன் கணவன் தேசிங்கை வரைந்தாள். தேசிங்குக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. குடிசையை இடித்த அன்று அதுவும் மண்ணோடு போய்விட்டது. கன்னியம்மா அதற்குமுன் பிரஷ் பிடித்ததில்லை. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி குனிந்து குனிந்து வரைந்தாள். முகம் கத்தரிக்காய் வடிவத்தில் வந்தது. ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. காது ஒன்றுதான்.

"சாய்ங்காலம் எம் பொண்ணு வரும். இட்டாந்து காட்றேன்" என்று சொல்லிவிட்டுச் சோறாக்கப் போனாள்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். தணிகாசலத்துக்குக் கை சும்மா இருக்கவில்லை. கண்ணை மட்டும் நேராக்குவோம் என்று ஆரம்பித்தார். கண் நேரானதும் மூக்கு கோணலாகத் தெரிந்தது. மூக்கைச் சரிசெய்ததும் காது ஒன்று குறைவாகத் தெரிந்தது. முக்கால் மணி நேரத்தில் அந்த ஜன்னலில் ஓர் அழகான மனிதர் உட்கார்ந்திருந்தார். மீசைகூட வைத்திருந்தார். பெரிய உபகாரம் செய்த திருப்தியோடு தணிகாசலம் கை கழுவினார்.

சாயங்காலம் கன்னியம்மா மகளோடு வந்தாள். ஜன்னல்களை எண்ணினாள். முதலிலிருந்து மறுபடியும் எண்ணினாள்.

"நல்லா கீது சார். யாரு இவரு?"

"உங்க வீட்டுக்காரர்தாம்மா. லேசா சரி பண்ணினேன்."

அவள் தலையை ஆட்டினாள். மகளைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறிவிட்டாள். மறுநாள் சுவருக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

தணிகாசலத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெனோவாவிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"மேடம், தப்பைத் திருத்தினது தப்பா?"

ஜெனோவா வெள்ளை பெயின்டை எடுத்து, பதினேழாவது ஜன்னலில் ரோலரை இரண்டு தடவை உருட்டினார். மீசைக்காரர் மறைந்துபோனார்.

"ஐயோ! நாளன்னைக்கு அறக்கட்டளைக்காரங்க வர்றாங்களே. நடுவுல இப்படி வெள்ளையா இருந்தா என்ன கேப்பாங்க?"

"கேக்கட்டும். நீங்களே பக்கத்துல நின்னு பதில் சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"அதை அப்புறம் பார்க்கலாம். இது காயறதுக்குள்ள மூணாவது மாடிக்குப் போயிட்டு வாங்க."

"அங்க போய் என்ன பேசறது மேடம்?"

"அந்தம்மா உங்ககிட்ட ஒண்ணு கேட்டாங்கள்ல, யாரு இவருன்னு? அதை நீங்க போய் அவங்ககிட்ட கேளுங்க."

தணிகாசலம் மாடி ஏறினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு வாக்கியம் யோசித்தார். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. கன்னியம்மா முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வா சார். குந்து."

அவர் தரையில் உட்கார்ந்தார்.

"அவரு யாரும்மா?"

அவள் பூண்டை உரித்துக்கொண்டே சொன்னாள். மார்க்கெட்டில் மூட்டை தூக்கினவர். எவ்வளவு இடம் இருந்தாலும் பஸ்ஸில் உட்கார மாட்டார், அவளை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டே வருவார். இந்த மூன்றாவது மாடியை அவர் பார்க்கவே இல்லை.

"ஒரு தபாவாவது ஜன்னல் ஓரமா குந்திக்கினு போவட்டும்னு வரைஞ்சேன்" என்றாள்.

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்து மறுபடி வரைங்கம்மா."

"எனக்கெதுக்கு சார்? எங் கை லாயக்கில்லன்னுதானே நீ திருத்துன? மொதல்ல வரைஞ்சதும் அவரு மாரி இல்லதான். ஆனா பாத்தா எனக்குத் தெரிஞ்சிது. நீ வரைஞ்சதுல தேடித் தேடிப் பாத்தேன். ஆளைக் காணோம்."

"லாயக்கில்லாதது என் கைதாம்மா. முப்பத்தஞ்சு வருஷமா சும்மா இருக்கத் தெரியாத கை. நீங்க வரைங்க. நான் பெயின்ட் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கறேன்."

கன்னியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அறுபத்தொரு வயது மனிதர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறத்தைத் தள்ளி வைத்தாள்.

கீழே வெள்ளை காய்ந்திருந்தது. கன்னியம்மா வரைந்தாள். தணிகாசலம் சொன்னபடியே இரண்டு கையாலும் டப்பாவைப் பிடித்திருந்தார். இந்தத் தடவை முகம் கத்தரிக்காயாகக்கூட வரவில்லை, பூசணிக்காயாக வந்தது. ஒரு கண் நெற்றிக்கே ஏறிவிட்டது. தணிகாசலத்தின் கட்டைவிரல் துடித்தது. டப்பாவை இன்னும் இறுக்கினார். கடைசியில் காதே வைக்காமல் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

நாலு அடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"வந்துட்டாரு" என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அப்படியே நின்று சிரித்தாள், அழுதாள், மாடியைப் பார்த்து, "அடியே, உங்கப்பா வந்துட்டாருடி, எறங்கி வா" என்று கத்தினாள்.

இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் தணிகாசலத்துக்கு இறங்கிப்போயிற்று. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு ஜெனோவாவிடம் வந்தார். தணிகாசலத்துக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் மனசில் பட்டதை மறைக்க முடியவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"மேடம், உண்மையைச் சொல்லணும்னா எனக்கு இன்னும் கோணலாத்தான் தெரியுது."

பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்த ஜெனோவா நிமிரவில்லை.

"அவரு என்ன சார், உங்களைப் பார்க்கவா வந்திருக்காரு?"