குயிலி போட்ட இலை

மலையடிவாரத்து ஆசிரமத்தில், சமையல்கட்டில் வேலை செய்பவர்களின் சிறு பிள்ளைகளைப் பகலில் நாச்சியார் பார்த்துக்கொண்டாள். வெங்காயம் உரிப்பது, சிந்திய தண்ணீரைத் துடைப்பது, பந்திக்கு இலை போடுவது. இந்த வயதில் இவைதான் பாடம் என்று ஆசிரமத்துப் பெரியவரான ஐயா சொல்லியிருந்தார்.

நான்கு வயதுக் குயிலிக்கு இலை போடுவதென்றால் உயிர். ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் இலைக்கட்டின் பக்கமே வரவில்லை. கூப்பிட்டால் கைகளைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

நாச்சியார் ஐயாவைத் தேடிப் போனாள். அவர் கிணற்றடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார்.

"ஐயா, குயிலி எதையும் தொடமாட்டேங்கிறா."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். 'நீயே போடு அக்கா'ங்கிறா."

"அதுக்கு முன்னாடி என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கல. அன்னைக்கு வெளியூர்க்காரங்க வந்தாங்கல்ல, இலையையெல்லாம் நுனி வலப்பக்கம் வர்ற மாதிரி போட்டுட்டா. விருந்தாளிக்கு அப்படிப் போடலாமா? நான் பின்னாலேயே போய்த் திருப்பி வச்சேன். திட்டக்கூட இல்ல."

"பாத்தாளா?"

"பாத்திருப்பா."

ஐயா வேட்டியைப் பிழிந்தார். "இன்னைக்கு எனக்கு அவ இலை போடட்டும். எனக்கு மட்டும்."

"மறுபடியும் மாத்திப் போட்டா?"

"கையைக் கட்டிக்கிட்டு நில்லு."

மதியம் நாச்சியார் குயிலியிடம் சொன்னாள். "ஐயா தாத்தாவுக்குப் பசிக்குதாம். நீ இலை போட்டாத்தான் சாப்பிடுவாராம்."

குயிலி அவள் முகத்தையே பார்த்தாள். "நீ திருப்ப மாட்டியே?"

"மாட்டேன்."

குயிலி இலையை எடுத்துவந்து போட்டாள். நுனி வலப்பக்கம் இருந்தது. நாச்சியாரின் கை தானாக நீண்டது. மடக்கிக்கொண்டாள்.

ஐயா இலையைப் பார்த்தார். சுற்றிக்கொண்டு போய், பரிமாறுகிறவர்கள் நடக்கும் வழியில், எதிர்வரிசைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சாம்பார் வாளியோடு வந்த ஆவுடையப்பன் நின்றுவிட்டான்.

"வழியில உக்காந்திருக்கீங்களே ஐயா. நான் எப்படிப் போக?"

"சுத்திப் போப்பா."

பந்தியில் யாரோ சிரித்தார்கள். குயிலி சிரிக்கவில்லை. ஐயாவின் அருகில் வந்து குனிந்து பார்த்தாள்.

"எல்லாரும் அந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க. நீங்க ஏன் தாத்தா சுவரைப் பாக்கிறீங்க?"

ஐயா இடக்கையைத் தூக்கிக் காட்டினார். "நுனி இந்தக் கைப்பக்கம் இருக்கணும். இங்க உக்காந்தாத்தான் இருக்கு."

குயிலி பக்கத்து இலையைப் பார்த்தாள். அதன் முன் இருந்தவரின் கையைப் பார்த்தாள். மறுபடி ஐயாவின் இலை. பிறகு குத்தவைத்து, இரண்டு கைகளாலும் அதை மெல்லத் திருப்பினாள். தெளித்திருந்த தண்ணீர் ஐயாவின் மடியில் கொட்டியது.

"இப்போ அங்க போங்க."

ஐயா எழுந்து போய் எல்லோரையும் போல் உட்கார்ந்தார். குயிலி இலைக்கட்டை நோக்கி ஓடினாள்.

கை கழுவும் இடத்தில் நாச்சியார் தண்ணீர் ஊற்றினாள்.

"ஐயா, அவ திருப்பாமலே இருந்திருந்தா?"

"அப்படியே சாப்பிட்டிருப்பேன்."

"நாளைக்கும் மாத்திப் போட்டா?"

"அந்தச் சுவர்ல ஒரு பல்லி பூச்சியைப் பாத்துக்கிட்டு இருந்தது. என்ன ஆச்சுன்னு பாக்கறதுக்குள்ள குயிலி என்னை எழுப்பிட்டா. மாத்திப் போட்டா மீதியைப் பாக்கலாம்."